ஊரில் பல பேருக்கு ‘மணி’ என்று பெயர். பழைய பதிவில் நம் தாத்தா எந்த மணி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. தாத்தாவை ஊரில் எல்லோரும் ‘மணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். குடும்பம் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம். நிலத்தில் ஒரு பகுதி புதுச்சேரியிலும் இன்னொரு பகுதி எல்லை தாண்டிக் கடலூர் வட்டத்திலும் இருக்கிறது. பட்டா, வில்லங்கச் சான்று, வாக்காளர் பட்டியல், கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சி) பிறப்பு ஏடு என்று தேடியதில் ஏழெட்டு மணிகள் கிடைத்திருக்கிறார்கள். கையில் 1957-ல் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் இருக்கிறது. அதிலும் ‘மணி’ என்ற பெயரும் கைநாட்டும்தான். ‘இவர்களில் எங்கள் தாத்தா யார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆளைக் கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்ததைத் தாசில்தாரும், தேவைப்பட்டால் நீதிமன்றமும், ஏற்கும்படி காட்டுவது இன்னொன்று. முதல் வேலை முடிவதற்குள் இரண்டாவதில் இறங்கி, கிடைத்த மணியைத் தாத்தாவாக வைத்து வாரிசுச் சான்றுக்கு மனுப் போடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

முதலில், மணி என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் யார் யாரெல்லாம் இருக்கலாம் என்று பாருங்கள். சுப்பிரமணியன், பாலசுப்பிரமணியன், மணிகண்டன், மணிவண்ணன், மணிவேல், வீரமணி, ராஜாமணி எல்லோருமே வீட்டில் மணிதான். கிறித்தவக் குடும்பமானால் ஞானமணி, ஜெபமணி, தேவமணி. பெண்களையும் மறக்கக் கூடாது. மணிமேகலை, மணியம்மாள், கண்மணி, தங்கமணி எல்லோரும் சுருங்கி மணி ஆவார்கள். தங்கமணியும் ராஜாமணியும் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பட்டாவில் ‘மணி க/பெ’ என்று இருந்தால் அது கணவர் பெயர். அந்த மணி ஒரு பாட்டி. ‘த/பெ’ என்று இருந்தால் தந்தை பெயர். அப்போது ஆணாகவும் இருக்கலாம், திருமணமாகாத பெண்ணாகவும் இருக்கலாம். கணினியில் ஏற்றியபோது ‘க’வும் ‘த’வும் மாறிப்போன இடங்கள் உண்டு. அதனால் அந்த ஓர் எழுத்தை மட்டும் நம்பி ஆண், பெண் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆளே இல்லாத மணிகளும் ஏடுகளில் வரும். பழைய பத்திரத்தில் ‘கிராம மணியம்’ என்று வருவது ஒரு பதவி. மணியக்காரரும் கர்ணமும் இருந்த பரம்பரைக் கிராம அதிகார முறை தமிழ்நாட்டில் 1980-ல்தான் ஒழிந்தது. அதன் பிறகு வந்தவர்கள்தான் விஏஓ என்னும் கிராம நிர்வாக அலுவலர்கள். ‘மணியம் நிலத்துக்கு வடக்கு’ என்று நான்கெல்லையில் இருந்தால், அங்கே மணி என்று ஒருவர் நிலம் வைத்திருந்தார் என்று பொருளில்லை. அதே எழுத்தை ‘மானியம்’ என்றும் படிக்கலாம். மானியம் என்றால் கோயிலுக்கோ ஊழியத்துக்கோ விட்ட நிலம். கையெழுத்து மங்கலாக இருந்தால் மணியம், மானியம், மணி மூன்றும் ஒன்றாகவே தெரியும். விருத்தாசலம் பக்கத்துப் பத்திரங்களில் ‘மணிமுத்தா நதிக்குத் தெற்கு’ என்று எல்லை வரும். அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கின் பயிர்ப் பத்தியில் ‘மணிலா’ என்று இருப்பது நம் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அரியாங்குப்பத்தில் மேட்டு நிலத்துப் பழைய காகிதம் எதிலாவது ‘மணி பொறுக்கும் இடம்’ என்பது போல வந்தால், அது அரிக்கமேட்டுக் கண்ணாடி மணியாக இருக்கலாம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்வதற்கு முன்பே மழைக்குப் பின் அந்த மண்ணில் மணிகள் கிடைத்துவந்தன. நகல் எடுக்கும்போது வரியின் பாதியை மட்டும் எடுத்தால் இவையெல்லாம் ஆளாக மாறிவிடும். வரி முழுவதையும், முன்னும் பின்னும் இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

இனித் தேடும் முறை. பெயரைக் கொண்டு தேட ஆரம்பிக்காதீர்கள். நிலத்தைக் கொண்டும் உறவைக் கொண்டும் ஆரம்பியுங்கள். பெயர் என்பது எல்லா இடத்திலும் மாறக்கூடியது. ஒரு சர்வே எண்ணின் வரலாறு அவ்வளவு எளிதாக மாறாது. உங்கள் குடும்பம் இன்றும் அனுபவிக்கும் ஒரு நிலத்தை, தகராறே இல்லாத ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பத்திரம் பத்திரமாகப் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் ‘எனக்கு இன்ன வருடம், இன்ன எண் பத்திரப்படி பாத்தியப்பட்டு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைப் பிடித்தால் அதன் தாய்ப்பத்திரம். அதிலிருந்து அதற்கும் முந்தையது. இப்படிப் போகும்போது தாத்தா தானாக நடுவில் வந்து நிற்பார். அங்கே அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அதுதான் நீங்கள் மற்ற ஏடுகளில் தேட வேண்டிய பெயர்.

கடலூர்ப் பக்கத்து நிலத்துக்கு வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். இதில் பலரும் விழும் ஒரு குழி உண்டு. இன்றைய சர்வே எண் 45/2பி என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் உட்பிரிவு ஏற்பட்ட பிறகு நடந்தவைதான் வரும். அதற்கு முன் அந்த நிலம் 45/2 ஆகவோ வெறும் 45 ஆகவோ இருந்தபோது நடந்த பரிமாற்றம் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வந்தாலும், தேடிய எண்ணில் இல்லை என்று மட்டுமே பொருள். தமிழ்நாட்டில் 1979-க்குப் பின் நடந்த யூடிஆர் என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்ணும் பெயரும் ஏராளமாக மாறின. நேரில் விசாரித்துப் பெயர் எழுதிய அலுவலர்களிடம் ஊரார் சொன்னது ‘அது மணி நிலம்’ என்றுதான், அப்படியே ஏறிவிட்டது. அதனால் யூடிஆர் ‘அ’ பதிவேட்டையும் (கிராமத்தின் நில உரிமையாளர் பட்டியல்) அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் முழுப் பெயரும் புதியதில் வெறும் மணியும் இருந்தால், அது நல்ல திறவுகோல். 1975-க்கு முந்தைய காலத்துக்குச் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைத்தேடல் செய்ய வேண்டும். பதிவுச் சட்டப்படி அங்கே நான்கு அட்டவணைகள் உண்டு. முதலாவது பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதல் அட்டவணையில் மணி என்று மட்டும் தேடினால், சுப்பிரமணியன் என்று ஏறியிருக்கும் தாத்தா கண்ணில் படவே மாட்டார்.

புதுச்சேரிப் பக்கம் கதை வேறு. அங்கே ஒரே நிலத்துக்கு ஆர்.எஸ். (மறு அளவை) எண் ஒன்றும், பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் (நில அளவை ஏடு) எண் ஒன்றும் இருக்கும். பிந்தைய பத்திரங்களில் இரண்டும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் பழைய ஏட்டுக்குப் போகும் பாலம். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சுக் காலத்து அலுவலர்) முன்னிலையில் எழுதப்பட்டதாக இருந்தால், அதில் ஆளைப் பற்றிய விவரம் நம் பக்கத்துக் கிரயப் பத்திரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்: தொழில், பிறந்த இடம், வசிக்கும் இடம், மனைவி பெயர். அளவும் கைகொடுக்கும். அங்கே எக்டேர், ஆர். கடலூரில் பழைய பத்திரங்களில் ஏக்கர், சென்ட். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். இரண்டு காகிதங்கள் ஒரே நிலத்தைச் சொல்கின்றனவா என்று சந்தேகம் வந்தால் முதலில் பரப்பளவை மாற்றிப் பாருங்கள். பரப்பே பொருந்தவில்லை என்றால் பெயர் பொருந்துவதை வைத்து மகிழ வேண்டாம்.

பிரெஞ்சு ஏட்டில் பெயரைக் கண்டுபிடிக்க எழுத்துக்கூட்டலைப் புரிந்துகொண்டாக வேண்டும். எழுத்தர் காதில் கேட்டதைப் பிரெஞ்சு முறைப்படி எழுதியிருப்பார். உகரத்துக்கு ‘ஓ’, ‘யூ’ என இரண்டு எழுத்து சேரும். அதனால் முருகன், சுப்பிரமணியன், முத்து எல்லாம் ஆங்கிலம் படித்த கண்ணுக்கு மௌரௌகன், சௌப்ரமணியேன், மௌத்து என்று தெரியும். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை ‘எஸ்’ வந்தால் அது ‘இசட்’ போல ஒலிக்கும். அதைத் தவிர்க்க ராமசாமி, சின்னசாமி எல்லாவற்றிலும் ‘எஸ்’ இரட்டித்திருக்கும். நம் ‘ஜ’வுக்கு ‘டி’, ‘ஜே’ இரண்டும் (dj) சேரும். அழுத்தமான ‘ச’வுக்கு ‘டி, சி, எச்’ மூன்றும் (tch) வரும். வெங்கடாசலத்தைத் தேடுபவர் ‘வி’யில் தொடங்கி ‘ஐ’ வரும் எழுத்துக்கூட்டலையும் பார்க்க வேண்டும். மணி என்ற பெயரின் ஈற்றில் ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’ போட்டிருந்தால், ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘மெனி’ என்று படித்துக் கடந்துபோய்விடுவோம்.

கடினமான குழப்பம் மணிக்கும் முனிக்கும் இடையில்தான். முனியன், முனுசாமி, முனியம்மாள் எல்லோரும் இந்தப் பக்கத்தில் ஏராளம், சுருக்கினால் ‘முனி’. தமிழ்க் கையெழுத்தில் மகரத்தின் கீழ் இருக்கும் உகரக் கொக்கி மை மங்கிப் போனால் முனி ‘மனி’ ஆகும். படிப்பவர் அதை ‘மணி’ என்று திருத்தி எழுதுவார். பிரெஞ்சுக் கையெழுத்திலும் ‘ஓ, யூ’ நெருக்கி எழுதினால் ‘ஏ’ போலத் தெரியும். அதனால் நகலில் ‘மணி’ என்று தட்டச்சு செய்து கொடுத்தால் போதாது; மூலப் பக்கத்தின் ஒளிநகலைக் கேளுங்கள். அந்தப் பக்கத்திலேயே, அதே எழுத்தர் எழுதிய வேறு ‘மு’வையும் ‘ம’வையும் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பல ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்கும்.

பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளைப் பற்றி. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து ஏடுகளின் பிரதிகள் பிரான்சுக்கும் போயிருக்கின்றன. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக்காப்பகம் அவற்றில் பழைய காலத்துப் பகுதியை இணையத்தில் படமாகவே வைத்திருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாத அவகாசத்தில் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், நாந்த் நகரில் உள்ள பிரெஞ்சு வெளியுறவுத் துறையின் பதிவு மையத்திலும் கேட்கலாம். சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பமானால் வீட்டில் குடும்பக் கையேடு ஒன்று இருக்கும். அதில் கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சாதி, சமயத் தனிவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அப்படிப்பட்ட கிளையில் மணி என்பது முன்பெயராக மட்டும் இருக்கும். அகரவரிசையில் குடும்பப் பெயரின் கீழ்தான் தேட வேண்டும்.

பிறப்புப் பதிவில் ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். திருமணமோ திருத்தமோ நடந்திருந்தால் ஓரக்குறிப்பு இருக்கலாம். இந்தியச் சட்டத்திலும், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, திருத்தம் என்றால் மூலத்தை அழிக்காமல் ஓரத்தில் எழுதித் தேதியுடன் கையொப்பமிட வேண்டும். சுருக்கச் சான்றிதழில் இந்தக் குறிப்பு விடுபடும். அதனால் முழுப் பதிவின் நகலாகக் கேளுங்கள். பிறப்பு முதலில் பதியப்படாமல், பின்னால் நீதிமன்ற உத்தரவின் பேரில் பதியப்பட்டிருந்தால் பதிவு ஆண்டும் பிறந்த ஆண்டும் வெகுவாக விலகும். பெயரே இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் உள்ள பதிவுகளும் நிறைய. அங்கே பெற்றோர் பெயரும் தெருவும்தான் வழிகாட்டி.

இப்போது வேலையின் மையத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. காகிதத்தின் ஆண்டு, எந்த அலுவலகம், பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது, தந்தை, மனைவி, வயது, தொழில், தெரு, கையெழுத்தா கைநாட்டா, சாட்சிகள் யார், அண்டை நிலத்துக்காரர் யார் என்று பத்திகள் போடுங்கள். வயதை அப்படியே எழுதாமல் பிறந்த ஆண்டாக மாற்றுங்கள். உதாரணத்துக்கு, 1957 பத்திரத்தில் வயது 35 என்றால் 1922. 1971 வாக்காளர் பட்டியலில் 50 என்றால் 1921. 1988 இறப்புப் பதிவில் 65 என்றால் 1923. மூன்றும் ஒருவராக இருக்கலாம். 1957-ல் 22 வயது என்றால் அவர் வேறு ஆள். பழைய காகிதங்களில் வயது பெரும்பாலும் உத்தேசம். ஐந்திலும் பத்திலும்தான் முடியும். அதனால் ஐந்து வருட வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள்.

தந்தை பெயர் பொருந்திவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பொதுவான தவறு. நம்மிடம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. மணி மகன் முருகேசன், முருகேசன் மகன் மணி, அந்த மணி மகன் மறுபடியும் முருகேசன். ‘மணி த/பெ முருகேசன்’ என்பது ஒரே குடும்பத்தில் ஐம்பது, அறுபது வருட இடைவெளியில் இரண்டு ஆள். இதில் தமிழ் வருடப் பெயரும் சேர்ந்தால் குழப்பம் முற்றும். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ‘விஜய வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1954 தொடக்கமாகவும் இருக்கலாம், 1894 தொடக்கமாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் உள்ள அச்சும், பதிவு முத்திரையும், பேசப்படும் பணமும் எந்தக் காலம் என்று காட்டிவிடும். தந்தை பெயரைவிட மனைவி பெயர் நம்பகமானது; தலைமுறை தாண்டி அது திரும்பி வருவது குறைவு. தாயார் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நான்கெல்லையைப் படிப்பதில் ஒரு நுட்பம். ‘கோவிந்தன் நிலத்துக்கு மேற்கு’ என்றால், நம் நிலம் கோவிந்தன் நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. ஆக, கோவிந்தன் நமக்குக் கிழக்கே இருப்பவர். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, புலப்படத்தில் தவறான பக்கத்தில் தாத்தாவைத் தேடுவார்கள். இன்னொன்று, செக்குபந்தியை, அதாவது இந்த நான்கெல்லையை, தாய்ப்பத்திரத்திலிருந்து அப்படியே நகலெடுத்து எழுதுவது வழக்கம். 1990-ல் எழுதிய பத்திரத்தில் ‘மணி நிலத்துக்கு வடக்கு’ என்று இருந்தால், 1990-ல் மணி உயிரோடு இருந்தார் என்றோ நிலம் அவர் பெயரில் இருந்தது என்றோ சொல்ல முடியாது. தாய்ப்பத்திரம் எழுதிய காலத்தில் அங்கே ஒரு மணி இருந்தார் என்பதுதான் அதிலிருந்து தெரிவது. அதே சமயம், அண்டை நிலத்துக்காரர்களின் பத்திரங்களை எடுத்துப் பார்ப்பது வீண் வேலை கிடையாது. உங்கள் பத்திரத்தில் மணி என்று இருப்பவரை அண்டைக்காரர் பத்திரம் ‘சுப்பிரமணிய படையாட்சி’ என்றோ ‘மணி வகையறா’ என்றோ சொல்லக்கூடும். ‘வகையறா’ என்று வந்தால் அது கூட்டுச் சொத்து. அண்ணன் தம்பிகள் பெயரைத் தேடுங்கள்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஒரே காகிதத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து, ‘மணி என்கிற சுப்பிரமணியன்’ என்றோ ‘மணி (எ) சுப்பிரமணி’ என்றோ, தகராறு எழுவதற்கு முன் எழுதப்பட்டிருந்தால் அது உறுதி. கைரேகை பொருந்தினால் அதுவும் உறுதி. வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வந்த காகிதங்களில் மனைவி பெயர், பிறந்த ஆண்டு, நிலம் மூன்றும் ஒத்துப்போனால், அநேகமாக அவர்தான் என்று சொல்லலாம். பெயரும் தந்தை பெயரும் ஊரும் மட்டும் ஒத்துப்போவது வெறும் ஊகம். இங்கே ‘வெவ்வேறு அலுவலகம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். குடும்ப அட்டையைக் காட்டி வாங்கிய வாரிசுச் சான்று, வாரிசுச் சான்றைக் காட்டி மாற்றிய பட்டா, பட்டாவைக் காட்டி வாங்கிய வரி ரசீது, இவை நான்கு காகிதமானாலும் சான்று ஒன்றுதான். அடியில் இருப்பது தவறானால் நான்கும் தவறு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய மணியார்டர் கூப்பன், கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், பள்ளிக்கூடத்தில் அப்பாவின் சேர்க்கைப் பதிவேடு போன்றவை தனித்தனியாகப் பிறந்த காகிதங்கள். அவற்றுக்கு மதிப்பு அதிகம். அப்பாவின் பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயர் சுப்பிரமணியன் என்றும் அதே தெருவும் இருந்தால், பாதி வேலை முடிந்தது.

நிரூபிக்கும் வேலையில் சில பயனற்ற செலவுகளைத் தவிர்க்கலாம். பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடுவது உயிரோடு இருப்பவர் தனக்காகச் செய்வது. காலஞ்சென்ற தாத்தாவின் இரண்டு பெயரையும் ஒன்றாக்க அது உதவாது. ‘இருவரும் ஒருவரே’ என்று நீங்களே நோட்டரி முன் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், வங்கியிலோ வேறு அலுவலகத்திலோ நடைமுறைக்கு ஏற்கப்படலாம். எதிர்த்தரப்பு ஒருவர் வந்துவிட்டால் அதன் எடை மிகக் குறைவு. அதற்குப் பதில் தாத்தாவை நேரில் அறிந்த, சொத்தில் பங்கில்லாத முதியவர்களின் வாக்குமூலம் மேல். பட்டாவில் பெயர் திருத்த, ஒப்பிட்ட தாளையும் நகல்களையும் வைத்துத் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவானால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. ஆனால் பட்டா உரிமையை முடிவு செய்யாது. இன்னொரு மணியின் வாரிசுகள் வந்து நின்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது உரிமை யாருடையது என்று அறிவிக்கும் தீர்ப்பு, கேட்பதுதான் வழி. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட மூலப்பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தையும் எழுத்தையும் உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம். அதில் உள்ள மணி உங்கள் தாத்தாதான் என்பதை அது அனுமானிக்காது. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். வேறு மணியின் பத்திரத்தைத் தாத்தாவுடையது என்று தெரிந்தே சொல்லிப் பதிவு செய்தால், பதிவுச் சட்டம் 82-ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. சந்தேகம் தீராத மணியை ஒதுக்கி வைப்பதே நல்லது, அவர் பெயரில் நிலம் எவ்வளவு இருந்தாலும்.

உங்கள் கையில் இருக்கும் 1957 பத்திரத்தில் கைநாட்டு இருப்பது உண்மையில் நல்ல செய்தி. பதிவின்போது எழுதிக்கொடுப்பவரின் இடது கைப் பெருவிரல் ரேகையைத் தனிப் பதிவேட்டிலும் வாங்குவது சார் பதிவாளர் அலுவலக வழக்கம். தாத்தா இன்னொரு சொத்தை, தகராறில்லாத ஒன்றை, விற்றோ அடமானம் வைத்தோ பதிவு செய்திருந்தால், அங்கேயும் அவர் ரேகை இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுதி வாங்கியவராக இருந்திருந்தால் அவர் ரேகை அங்கே இல்லாமல் போகலாம். எழுதிக் கொடுத்தவராக இருந்த பத்திரமே வேண்டும். நகலில் ரேகை தெளிவாக வராது. மூலத்தில் மை அப்பியிருந்தாலும் பயன்படாது. எனவே முதலில் அந்தப் பத்திரம் பதிவான அலுவலகத்தில் பத்திர எண்ணைக் கொடுத்து, ஏட்டுப் பக்கத்தையும் ரேகைப் பதிவேட்டையும் பார்க்க மனுப் போடுங்கள். வரிகள் தெளிவாக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க நிபுணருக்கு அனுப்பும்படி நீதிமன்றம் வழியாகக் கேட்கலாம். போகும்போது அதே பக்கத்தில் ஆளை அடையாளம் காட்டிய இருவரின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்கள் மணியை நேரில் தெரிந்தவர்கள் என்பதால்தான் அங்கே கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் குடும்பம் பாகூர்ப் பக்கம் இருந்தால், எந்த மணி என்று உங்களுக்குச் சொல்ல அந்த வீட்டில் யாராவது இருக்கக்கூடும்.